மறு: டொமைன் கன்ட்ரோலரை 'டிமோட்' செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம்.

> 'தரமிறக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். மென்பொருளைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோவதைத்தான் தரமிறக்கம் என்று எழுதி வருகிறோம். ஆள்களக் கட்டுப்படுத்தியை (டொமைன் கன்ட்ரோலர்: ஆள்களம் எனும் அலுவலக வலையமைப்பில் யார் உள்ளே வரலாம் என்று சரிபார்க்கும் விண்டோஸ் சேவையகம்) டிமோட் செய்யும்போது பதிப்பு எதுவும் மாறுவதில்லை. பயனர், கணினிக் கணக்குகளின் தரவுத்தளமான ஆக்டிவ் டைரக்டரியின் பிரதி அந்தச் சேவையகத்திலிருந்து நீங்குகிறது, பயனர்களின் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் வேலை போகிறது. அப்புறமும் அது அதே ஆள்களத்தில் சாதாரண உறுப்பினராக இருக்கும். 'பதவியிறக்கம்' என்று இன்னொருவர் சொன்னதில் தண்டனை வாடை அடிக்கிறது, அதுவும் வேண்டாம்.

என் பரிந்துரை: பொறுப்பு விடுவிப்பு.

நம் அரசு அலுவலகங்களில் மாறுதலாகிப் போகிறவர் முதலில் பொறுப்பை ஒப்படைப்பார், பிறகுதான் விடுவிப்பு. இங்கேயும் வரிசை அதுதான். ஸ்கீமா மாஸ்டர், டொமைன் நேமிங் மாஸ்டர், ரிட் மாஸ்டர், பிடிசி எமுலேட்டர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர் என்று ஐந்து தனிப்பொறுப்புகள் உண்டு; ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரே கட்டுப்படுத்தியிடம்தான் இருக்கும். பழைய சேவையகம் இவற்றில் எதையாவது வைத்திருந்தால், முதலில் புதியதற்கு மாற்ற வேண்டும். இதைப் 'பொறுப்பு ஒப்படைப்பு' என்போம். டிமோட் செய்யும்போது விண்டோஸே இவற்றை வேறொரு கட்டுப்படுத்திக்குத் தள்ளிவிடப் பார்க்கும். ஆனால் எதற்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. நாமே முன்கூட்டி மாற்றிவிடுவதுதான் சரி.

இயந்திரம் செத்துப்போயிருந்தால் ஒப்படைக்க யாரும் இல்லை, பொறுப்பை வலிந்து எடுக்க வேண்டும். அதற்குப் 'பொறுப்பு கைப்பற்றல்'. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கைப்பற்றிய பிறகு பழைய இயந்திரத்தைத் திரும்ப வலையமைப்பில் சேர்க்கவே கூடாது. கணக்குகளுக்கான அடையாள எண்களைப் பங்கிட்டுத் தரும் ரிட் மாஸ்டர் இரண்டாகிவிட்டால் இரண்டு கணக்குகளுக்கு ஒரே பாதுகாப்பு அடையாள எண் போய்விடலாம். படிக்கிறவருக்குச் சொல்லிலேயே அந்த எச்சரிக்கை தெரிய வேண்டும்.

அப்படி இறந்த கட்டுப்படுத்தி விட்டுச்சென்ற பதிவுகளைத் துடைப்பதற்கு 'எச்சப்பதிவு நீக்கம்'. முன்பு இதற்கு என்டிடிஎஸ்யூடில் கட்டளையோடு போராட வேண்டும். விண்டோஸ் சர்வர் 2008 முதல், பயனர்-கணினி மேலாண்மைச் சாளரத்தில் அதன் கணக்கை நீக்கினாலே பெரும்பகுதி தானாக நடந்துவிடும். பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

> டீகமிஷனுக்கும் இதே சொல்லா?

இல்லை. அது 'பணி ஓய்வு', ஆள்களத்திலிருந்தே எடுத்து அணைத்து வைப்பது. இடையில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பழைய ஐபி முகவரியையே டிஎன்எஸ் என்று பிடித்துக்கொண்டிருக்கும் அச்சுப்பொறிகள், கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி அமைப்புகள் எல்லாவற்றையும் தேடிப் பிடிக்க வேண்டும். சேவையகத்தை அணைத்த மறுநாள் காலை 'எதுவுமே வரவில்லை' என்று அலுவலகமே ஃபோன் அடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

சர்வர் 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் நீட்டித்த ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அவற்றை மாற்றுவதற்காக இந்த வேலையைச் செய்யப்போகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களுக்குத் தமிழ்க் கையேடு விரைவில் வேண்டும்.

திரையில் வரும் பொத்தான்களுக்குப் 'பொறுப்பில் அமர்த்து' (ப்ரமோட்), 'பொறுப்பிலிருந்து விடுவி' (டிமோட்) என்ற இணை எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'கைப்பற்றல்' கடுமையாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள்.