‘தாக்குதல்’ ஒன்றா, இரண்டா? ‘வீச்சு’ என்ற சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஆளுக்கொரு கதைமாந்தராகி, கட்டை உருட்டி ஆடும் மேசைப் பாத்திர விளையாட்டுகளின் சண்டை விதிகளைத் தமிழாக்க ‘தாக்குதல்’ என்ற ஒரு சொல்லே போதும் எனச் சென்ற கிழமை எழுதிய நண்பரோடு என்னால் உடன்பட முடியவில்லை. அது போதாது என்பதை முள்ளியவளையில் ஒரு வீட்டு விறாந்தையில், பூதம் ஒன்று ஓடத் தொடங்கிய வேளையில் கண்டுகொண்டேன்.

நாங்கள் விளையாடுவது, 1974இல் முதன்முதலில் வெளிவந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு. அதில் ஒருவர் எதிரியின் கைக்கெட்டும் தூரத்தைவிட்டு விலகினால், அந்த எதிரி தன் எதிர்வினையை (ஒன்று நடந்தவுடன் பதிலுக்குச் செய்யும் செயலை) செலவழித்து அவர்மீது ஒரு தடவை ஆயுதத்தை ஓங்கலாம். அன்று பூதம் விலகியது. ஐந்தாம் நிலைப் போர்வீரனாக விளையாடிய தம்பி இருபது முகக் கட்டையை ஒரு தடவை உருட்டிவிட்டு மறுபடியும் கையில் எடுத்தார். ஏன் என்று கேட்டேன். “எனக்கு மேலதிகத் தாக்குதல் இருக்குத்தானே, அண்ணை” என்று தன் பாத்திரத்தின் விபரத்தாளை நீட்டினார். ‘தாக்கும்போதெல்லாம் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு தாக்குதல்கள் செய்யலாம்’ என்று அதில் இருந்தது. விதியை அப்படித் தமிழாக்கி எழுதிக் கொடுத்தவன் நான். அந்த வரியின்படி அவர் செய்தது முழுக்கச் சரி.

ஆங்கில மூலத்தில் இதற்கு இரண்டு வேறு பொருள்கள் உள்ளன. ஒன்று, தன் முறை வரும்போது ஒருவர் தெரிவுசெய்யக்கூடிய பல செயல்களுள் ஒன்றான தாக்கும் செயல். மற்றையது, அந்தச் செயலுக்குள்ளோ அதற்கு வெளியிலோ நிகழ்கின்ற, கட்டையை ஒரு தடவை உருட்டிப் பார்க்கும் தனி முயற்சி. ‘தன் முறையில் தாக்கும் செயலைத் தெரிவுசெய்யும்போது மாத்திரம்’ இரண்டு முயற்சிகள் உண்டு என்பதே விதி. விலகுபவர்மீது ஓங்குவது எதிர்வினை. அங்கே தாக்கும் செயலும் இல்லை, ஓங்குபவருடைய முறையும் இல்லை.

ஆகவே முதலாவதற்குத் ‘தாக்குவினை’ என்றும் இரண்டாவதற்கு ‘வீச்சு’ என்றும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. ‘அடி’ என்றே சொல்லலாமே என்று கேட்பீர்கள். அடி என்றால் பட்டுவிட்டது என்று பொருள்; இங்கேயோ உருட்டிய கூட்டெண் எதிரியின் காப்பெண்ணை, அதாவது அவர்மீது பட எட்டவேண்டிய எண்ணை, எட்டினால்தான் படும். நந்திக்கடலில் வீச்சுவலை எறிபவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: வீசுவது அவர் கையில், படுவது வேறு கதை. ‘இரண்டு வீச்சில் ஒன்று பட்டது’ என்று மேசையில் சொன்னால் எவருக்கும் விளங்கும். (‘தாக்குதல்’ என்பது வன்னியில் செய்திகளில் கேட்டுக் களைத்த சொல் என்பதும் எனக்குள் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அதற்காக மாத்திரம் மாற்றச் சொல்லமாட்டேன்.)

எதிர்ப்பு ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். நம் கணிதப் பாடநூல்களில் ‘வீச்சு’ என்பது புள்ளிவிபரத்தில் மிகக் கூடிய பெறுமானத்துக்கும் மிகக் குறைந்த பெறுமானத்துக்கும் இடையிலான வித்தியாசம். எறியம் செல்லும் கிடைத்தூரமும் வீச்சுத்தான். வில்லின் பாய்தூரத்தையும் அப்படிச் சொன்னால் குழப்பம் வரும். அதற்குப் ‘பாய்தூரம்’ என்றே எழுதுவோம். வாளின் கைக்கெட்டும் தூரத்துக்கு ‘எட்டம்’ என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். ‘எட்டத்தில நில்’ என்றால் தள்ளி நில் என்று விளங்கிக்கொள்ளும் எங்கள் ஊரில் அது நேரெதிரான பொருளைத் தந்துவிடும். ‘கையெட்டு’ பொருந்தும்.

இரண்டு சொற்களைப் பிரித்ததோடு வேலை முடியாது. ஒருவர் தன் முறையில், ‘பூதம் வாசலுக்கு வந்தால் தாக்குவேன்’ என்று ஆயத்தம் செய்து வைத்து, பூதத்தின் முறையில் அதை நிறைவேற்றினால், அது தாக்குவினைதான். ஆயினும் அது தன் முறையில் நிகழாதபடியால் ஒரு வீச்சு மாத்திரமே கிடைக்கும். என் தமிழாக்கத்தில் ‘தன் முறையில்’ என்பதை நீளம் கருதி வெட்டியிருந்தேன்; இலக்கணகாரர் குன்றக் கூறல் என்பது இதைத்தான். திருத்திய வரி இது: ‘உமது முறையில் தாக்குவினையைத் தெரிவுசெய்யும்போதெல்லாம், ஒரு வீச்சுக்குப் பதிலாக இரண்டு வீச்சுகள் வீசலாம்.’

‘வீச்சு வீசலாம்’ காதில் சற்று இடறுகிறது. ‘இரு தடவை வீசலாம்’ என்றால் ஓசை சரியாகும், ஆனால் கலைச்சொல் வரியிலிருந்து மறைந்துவிடும். இதற்கு நல்ல வினைமுடிபு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்; அதுவரை தம்பியின் தாளில் இடறலோடேயே இருக்கட்டும்.