நுண்ணங்கிக்குச் சுரப்பி ஏது? – ஒரு துறைப்பெயருக்கான கலைச்சொல் விவாதம்

மொழிபெயர்ப்பாளர், திருநெல்வேலி:

அனைவருக்கும் வணக்கம். உயர்தர உயிரியல் மாணவருக்கான மேலதிக வாசிப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கடைசி அத்தியாயத்தின் தலைப்பு மட்டும் முடியவில்லை. ஓமோன்களும் (ஹார்மோன்) நரம்புச் செலுத்திகளும் நுண்ணங்கிகளையும் மனித உடலையும் எப்படித் தொடுக்கின்றன என்று ஆராயும் துறை அது. 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர் மார்க் லைட் அதற்குப் பெயரிட்டார். 'microbial endocrinology' என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் 'நுண்ணங்கி அகஞ்சுரப்பியியல்' வருகிறது. வாசிக்கும் மாணவர் பற்றீரியாவுக்குச் சுரப்பி இருக்கிறதென்று விடைத்தாளில் எழுதிவிடுவார். வேறு சொல் தாருங்கள்.

தமிழாசிரியர், கரவெட்டி:

தம்பி, 'ஓமோன்' என்பதிலிருந்தே தொடங்குவோம். 1905இல் ஆங்கில உடற்றொழிலியலாளர் ஸ்டார்லிங் இச்சொல்லை வழங்கியபோது 'தூண்டிவிடுகிறேன்' என்ற கிரேக்க வினையை அடியாகக் கொண்டார். அந்த வினைக்கு நேர் நம்மிடம் 'ஏவு'. ஏவுவது ஏவி. ஆகவே 'நுண்ணங்கி ஏவியியல்'. 'ஏ' என்ற ஓரெழுத்தொருமொழிக்கே அம்பு என்று பொருள். எய், எயினர், முள்ளை அம்பாகக் கொண்ட எய்ப்பன்றி எல்லாம் ஒரே குடும்பம். ஓரிடத்திலிருந்து விடுபட்டுத் தொலைவில் போய்த் தைப்பது என்ற கருத்து அந்த வேரிலேயே இருக்கிறது. குருதியில் கலந்து தூரத்து உறுப்பில் வினைபுரியும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடையாது.

உயிரியல் ஆசிரியை, சுண்டுக்குளி:

மாஸ்டர், வேர் நல்ல வேர்தான். ஆனால் எங்கட ஊரில 'ஏவல்' எண்டால் செய்வினை, பேய் ஏவுறது. வகுப்பில இந்தச் சொல்லைச் சொன்னவுடன பிள்ளையள் அங்கதான் போவினம். தமிழ்நாட்டு 'இயக்குநீர்' அதைவிட மோசம். தூய அதிரினலின் வெண்ணிறத் தூள், அதில நீர் எங்க இருக்கு? 'வளரூக்கி'யும் சரிவராது, ஊக்கி எங்களுக்கு இரசாயனப் பாடத்தில வேற பொருள். வினாத்தாளில ஓமோன் எண்டுதான் வருது. அதை மாத்தினால் புள்ளி போறது பிள்ளைக்கு.

மொழிபெயர்ப்பாளர், திருநெல்வேலி:

'நுண்ணங்கித் தூதியல்' எப்படி? தூது என்பது எல்லோருக்கும் விளங்கும்.

நுண்ணங்கியியல் விரிவுரையாளர், கொக்குவில்:

'தூது' அழகான சொல். ஆனால் துறையின் பாதியைத்தான் அது பிடிக்கிறது. ஏன் என்பதை விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

இத்துறையின் அடிப்படைச் சோதனை இது. ஊட்டம் குறைந்த உப்பு ஊடகத்தில் கனவளவில் 30 வீதம் மாட்டுக் குருதி நீர்ப்பாயம் சேர்த்து, மில்லிலீற்றருக்குச் சில நூறு கலங்கள் என்ற அளவில் ஈ.கோலியை இடுகிறோம். ஒரு குழாயில் 50 மைக்ரோமோலார் நோரதிரினலின், மற்றதில் இல்லை. ஓர் இரவு அடைகாத்தபின் முதற்குழாயில் கலங்களின் எண்ணிக்கை மற்றதைவிடப் பல்லாயிரம் மடங்காக இருக்கும். பற்றீரியா ஓமோனைக் 'கேட்டது' என்றே முதலில் தோன்றும். உண்மையில் இங்கே பெரும்பங்கு இரும்புக்கு. நீர்ப்பாயத்திலுள்ள திரான்ஸ்பெரின் என்ற புரதம் இரும்பை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. நோரதிரினலினின் கற்றகோல் கூட்டம் அந்தப் பெரிக்கு (Fe³⁺) இரும்பைப் பெரசாகத் (Fe²⁺) தாழ்த்துகிறது. பெரசு வடிவைத் திரான்ஸ்பெரினால் பிடித்துவைக்க முடியாது. விடுபட்டதைப் பற்றீரியா தான் சுரக்கும் என்ரரோபக்ரின் என்ற இரும்புப்பற்றி மூலம் அள்ளிக்கொள்கிறது. என்ரரோபக்ரினைத் தொகுக்க இயலாத விகாரிகளுக்கு இந்த ஊடகத்தில் நோரதிரினலின் உதவுவதில்லை. நோரதிரினலினுக்குப் பதிலாகப் பெரிக்கு உப்பை இட்டாலும் சாதாரண ஈ.கோலி செழித்து வளரும். அந்த மூன்றாவது குழாயை வைக்காமல் இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை.

சோதனை பிழைப்பதும் இதே காரணத்தால்தான். போசணைக் குழம்பில் செய்தால் வேறுபாடே தெரியாது, அங்கே இரும்பு தாராளம். தொடக்கத்தில் இலட்சக்கணக்கான கலங்களை இட்டாலும் தெரியாது, அவை தாமே போதிய இரும்புப்பற்றியைச் சுரந்துவிடும். பழைய நோரதிரினலின் கரைசல் வளியிலும் ஒளியிலும் ஒட்சியேறி இளஞ்சிவப்பாகி, பிறகு கபிலமாகும். அன்றன்று கரைத்து இருட்டில் வைக்கவேண்டும். 50 மைக்ரோமோலார் என்பது குருதியின் சாதாரண அளவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு என்பதையும் கையேட்டில் ஒரு வரி எழுதுங்கள். குருதியில் அது நனோமோலார் அளவில்தான் இருக்கிறது.

இதில் தூது எங்கே? தூது வேறிடத்தில் இருக்கிறது. ஓ157 வகை ஈ.கோலியின் மென்சவ்விலுள்ள கியூஎஸ்ஈசி (QseC) என்ற கைனேசு நொதியம் அதிரினலினையும் நோரதிரினலினையும் உணர்ந்து, நோயாக்கும் பரம்பரையலகுகளை முடுக்கிவிடுகிறது. 2006இல் இது காட்டப்பட்டது. அதிரினலினை ஏற்கும் மனித வாங்கிகளைத் தடுக்கும் பெந்தோலமின் என்ற மருந்து இதையும் தடுக்கிறது. அது உண்மையான தூது. ஆகவே இரும்பு கொடுத்தலையும் செய்தி கேட்டலையும் சேர்த்து அடக்கும் பெயர் வேண்டும். ஒரு விளக்கத்தை முன்கூட்டியே தீர்ப்பாக்கும் பெயர் வேண்டாம்.

மருத்துவர், மானிப்பாய்:

மறுதிசையையும் மறக்கவேண்டாம். உடலின் செரட்டோனினில் 90 வீதமளவு குடலில்தான் உருவாகிறது. வித்தியுண்டாக்கும் சில குடற் பற்றீரியாக்கள் அந்த உற்பத்தியைக் கூட்டுகின்றன என்று 2015இல் எலிகளில் காட்டப்பட்டது. மருந்தறையில் இன்னும் நேரடியான உதாரணம் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா. குடலிலுள்ள என்ரரோகொக்கசு பீக்காலிசு தைரோசீனிலிருந்து காபொட்சைலை நீக்கும் தன் நொதியத்தால் அதை அங்கேயே டோபமீனாக்கிவிடுகிறது. டோபமீன் குருதி–மூளைத் தடுப்பைக் கடக்காது, மருந்து வீண். கூடக் கொடுக்கும் கார்பிடோபா மனித நொதியத்தை மட்டும் தடுக்கிறது, பற்றீரியாவின் நொதியத்தை அது அடக்குவதில்லை. இங்கே பற்றீரியா எதையும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. 'தூது' இதற்கும் பொருந்தாது.

சொல்லைப் பற்றி ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் எங்கள் ஊரில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். உடற்றொழிலியலுக்கு அக்கால நூலில் இருந்த சொல் 'சுகரணவாதம்'. இன்று அது யாருக்கும் விளங்காது. ஆனால் அந்த உழைப்பில்லாமல் 'உடற்றொழிலியல்' வந்திருக்காது. அதனால் அச்சில் போகும் முதற்சொல் நிலைக்குமா என்று அதிகம் அஞ்சவேண்டாம். என் தெரிவு 'நுண்ணங்கி ஓமோனியல்'.

தமிழாசிரியர், கரவெட்டி:

டொக்டர், 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்ற தொல்காப்பிய நூற்பாவை நீங்கள் துணைக்கு அழைக்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஹகரத்தை விலக்கி 'ஓமோன்' என்றது அந்த நெறிப்படி சரி. ஆனால் அந்த நூற்பா அனுமதி, கட்டளையன்று. வேர் இருக்கும்போது இரவல் எதற்கு? செய்வினைக்கு அஞ்சி ஒரு நல்ல வினையைக் கைவிட்டால், 'ஏவல் வினை' என்று இலக்கணத்தில் கற்பிப்பதையும் நிறுத்தவேண்டிவரும்.

உயிரியல் ஆசிரியை, சுண்டுக்குளி:

ஓமோனியல் எண்டு வைச்சால் நரம்புச் செலுத்தி எங்க போறது? பிள்ளையள் கட்டாயம் கேப்பினம்.

நுண்ணங்கியியல் விரிவுரையாளர், கொக்குவில்:

நோரதிரினலினுக்குச் சிக்கலில்லை, ரீச்சர். அதிரினல் மையவிழையத்திலிருந்து குருதிக்கு வந்தால் ஓமோன், நரம்பு முடிவிலிருந்து வந்தால் செலுத்தி, மூலக்கூறு ஒன்றே. சிக்கல் காபா (GABA) என்ற நரம்புச் செலுத்தியில். இலக்டோபசிலசு இனங்கள் சில குளுற்றமேற்றிலிருந்து அதை ஆக்குகின்றன. அதை ஓமோன் என்று எந்த நூலும் வகுப்பதில்லை. 'நுண்ணங்கி ஓமோன்–செலுத்தியியல்' என்றால் பொருள் சரி, ஆனால் நீளம். எனக்கு நீளம் பரவாயில்லை.

மொழிபெயர்ப்பாளர், திருநெல்வேலி:

'தூதியலை' விட்டுவிட்டேன். இதுவரை 'ஓமோனியல்' பக்கம் டொக்டரும் நானும். ரீச்சர், நீங்கள்?

உயிரியல் ஆசிரியை, சுண்டுக்குளி:

காபாவைப் பற்றி முதற்பந்தியிலேயே ஒரு வசனம் போட்டால் எனக்கும் சம்மதம். போடாட்டில் இல்லை.

மொழிபெயர்ப்பாளர், திருநெல்வேலி:

போடுகிறேன். தலைப்பு 'நுண்ணங்கி ஓமோனியல்'. விரிவுரையாளரின் நீண்ட வடிவம் முதல் வசனத்தில் ஒருமுறை வரும். ஐயா, 'ஏவியியல்' சொல்லடைவில் மாற்றுச்சொல்லாக இடம்பெறும்.

தமிழாசிரியர், கரவெட்டி:

சொல்லடைவில் வேரையும் சேர்த்துப் போடு, தம்பி. என் மறுப்பு நிற்கிறது. அடுத்த பதிப்புக்கு முன் இதைத் திரும்ப எடுப்பேன்.