திருவொற்றியூர் தேரடி பக்கம் உறவினர்கள் தங்க இடம் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தை மாதம் திருவொற்றியூரில் கல்யாணம் ஆனது. எம்.சி. ரோட்டில் புடவை, தாம்பூலப் பை என்று அவ்வளவு அலைந்தோம். நெல்லைச் சொந்தங்கள் எங்கே தங்குவார்கள் என்று கடைசி வாரம்தான் யோசித்தோம். கிடைத்த லாட்ஜில் லிப்ட் இல்லை. ஆச்சி முழங்கால் வலியோடு 3 மாடி ஏறினார். விடியற்காலை முகூர்த்தம், வெந்நீரும் வரவில்லை. இன்னும் மனது கேட்கவில்லை.

ஆவணியில் நாத்தனார் கல்யாணம், அதே தேரடி பக்கம்தான். 30 பேர், 2 இரவு. எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் மெட்ரோ மாறினால் தேரடிக்கே வந்துவிடலாம். அதனால் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்றாலும் சரி. பெரியவர்களுக்குத் தரைத்தளத்தில் 2 அறையாவது வேண்டும், வெஸ்டர்ன் டாய்லெட்டோடு. நீங்களே தங்கிப் பார்த்த இடம் இருந்தால் வாடகையோடு சொல்லுங்களேன்.