கல்லுப் பாரில் கிலுக்கு லூர் கொளுவிக்கொண்டே இருக்கிறது. நான் எங்கே பிழை விடுகிறேன்?

உப்புவெளித் தம்பி

வணக்கம் அண்ணாமார். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதிலிருந்து எனக்குத் தங்கூசியும் கைத்தூண்டிலும்தான் பழக்கம். போன வருடம்தான் றொட்டும் ரீலும் வாங்கினேன். ஏழு அடி றொட், 20 இறாத்தல் பிரெய்ட் (பின்னல் நூல்), சீலா கடித்து அறுக்கும் என்று நுனியில் ஒரு சாண் கம்பி. லூர் (மீன் மாதிரிச் செய்த பொய் இரை), அந்த முன்னால் உதடு மாதிரித் தகடு இல்லாத தட்டையான வகை. உள்ளே குண்டு போட்டிருப்பார்கள், ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் போடும். 21 கிராம், சிவப்பு நிறம்.

திருகோணமலை உப்புவெளியைத் தாண்டி சாம்பல்தீவுப் பக்கம் போனால் கரையோரம் கல் கிடக்கும் இடங்கள் தெரியும்தானே. அங்கேதான் எறிகிறேன். தண்ணீர் இடுப்பளவு, சில இடத்தில் நெஞ்சளவு. பிரச்சினை மூன்று.

முதலாவது, மூன்று எறிக்கு ஒரு தரம் கல்லில் கொளுவுகிறது. இரண்டு கிழமையில் நாலு லூர் போய்விட்டது. வீட்டில் விலையை இன்னும் சொல்லவில்லை.

இரண்டாவது, சில எறிகளில் லூர் உயிரே இல்லாமல் மரக்கட்டை மாதிரி வருகிறது. கையில் அந்த அதிர்வு கிடைப்பதில்லை.

மூன்றாவது, போன ஞாயிறு ஒரு பாரைக்குட்டி என் காலடி வரை துரத்திக்கொண்டு வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மூதூர்க்காரன்

பாப்பர் போடு தம்பி. மேலே மிதக்கும், கொளுவாது. கதை முடிந்தது.

உப்புவெளித் தம்பி

பாப்பர் இருக்கிறது அண்ணா. விடியப்புறம் அரை மணித்தியாலம் எழும்பி அடிக்கும், வெயில் ஏறினதும் ஒன்றும் மேலே வருவதில்லை. அதனால்தான் இதைக் கேட்கிறேன்.

பார்க்கல்

தம்பி, சொல்வதற்கு முன் மூன்று கேள்வி. எறிந்தபின் எவ்வளவு நேரம் தாழ விடுகிறீர்? இழுக்கும்போது றொட் நுனி எங்கே நிற்கும்? கல்லில் தட்டினால் கை என்ன செய்யும்?

உப்புவெளித் தம்பி

விழுந்ததும் இரண்டு மூன்று செக்கன் விடுவேன். நுனி தண்ணீரைப் பார்த்துத் தாழ்ந்திருக்கும். கல்லில் தட்டினால் உடனே நிறுத்திவிடுவேன். ஒரு வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள், நிறுத்தினால் லூர் கல்லை விட்டு மிதந்து மேலே வரும் என்று.

பார்க்கல்

பிழை அங்கேதான்.

வீடியோவில் காட்டினது உதடு வைத்த கிராங்க்பெய்ட். அதில் பெரும்பாலானவை மிதக்கும் வகை. உதடு முன்னால் போய்க் கல்லில் முட்டும், உடம்பு புரளும், தூண்டில் முள் பின்னால் பத்திரமாக இருக்கும். நிறுத்தினால் தானாக மேலே வரும். உம்முடையதில் உதடும் இல்லை, அது மிதக்கவும் மாட்டாது. தங்கூசி கட்டும் வளையம் தலைக்கு மேலே முதுகில் இருப்பதால் மூக்கைக் குத்திக்கொண்டு நீந்தும். அப்போது கல்லை முதலில் தொடுவது மூக்கும் அதற்குப் பின்னால் வயிற்றில் தொங்கும் முக்கவர் முள்ளும். நீர் நிறுத்தினால் நேரே கல்லிடுக்கில் போய் உட்காரும். கோணேசர் மலையடியில் வள்ளத்திலிருந்து ஆழத்தில் இறக்குகிற ஆட்களுக்கு நிறுத்துவது சரி. இடுப்பளவுத் தண்ணீரில் அந்த மூன்று செக்கன் போதும், லூர் தரையில்தான்.

ஆகவே எறியும்போது லூர் தண்ணீரைத் தொட முன்பே ரீலைப் பூட்டும். தொட்ட அதே நேரம் சுற்றத் தொடங்கும். நுனியை உயர்த்திப் பிடியும், தலைக்கு மேலே கிட்டத்தட்ட பதினொரு மணி முள் நிற்கும் இடத்தில். இந்த வகை லூர் வேகத்தைக் கூட்டினால் மேலே ஏறும், குறைத்தால் இறங்கும். ஆழத்தை வேகத்தால்தான் பிடிக்க வேண்டும். கல்லில் 'டொக்' என்று பட்டால் நிறுத்தாதீர், ரீலையும் பலமாகச் சுற்றாதீர். நுனியை ஒரு முழம் மேலே தூக்கும். முன்னால் இழுத்தால் முள் ஏறும், மேலே தூக்கினால் கழன்று தாவும். தாவின அந்த நொடியில்தான் அநேகமாக மீன் அடிக்கும்.

21 கிராம் இந்த இடத்துக்கு அதிகம். 14 கிராம் எடும். காற்று இல்லாத காலைக்கு 10 கூடப் போதும்.

ஓட்டோ மாமா

வயிற்று முக்கவர் முள்ளைக் கழற்றி எறிந்துவிடு மருமகனே. வாலில் இருப்பது போதும். நான் அப்படித்தான்.

நிலாவெளியான்

அதைச் சும்மா கழற்றக்கூடாது மாமா. அந்த முள்ளின் பாரம்தான் லூரை நிமிர்த்தி வைத்திருக்கும். சிலது கழற்றினால் பக்கவாட்டில் சாய்ந்து வட்டமடிக்கும். அதே பாரத்துக்குக் கிட்டவான ஒற்றை முள் ஒன்றை, கூர் முன்னால் பார்க்காமல் பின்னால் பார்க்கும்படி போட்டால் கல்லில் கொளுவுவது பாதியாகக் குறையும். மாற்றினதும் நேரே கல்லுக்குப் போகவேண்டாம் தம்பி. மணல் கரையில் காலடித் தண்ணீரில் இரண்டு மீற்றர் இழுத்துப் பாருங்கள். நேராக வந்து, நுனி துடித்தால் சரி.

உங்கள் இரண்டாவது பிரச்சினைக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று அந்தக் கம்பி. முதுகு வளையத்தில் தடித்த கம்பியை இறுக்கிக் கட்டினால் லூர் ஆட இடமில்லை. அதற்குப் பதிலாக 40 இறாத்தல் புளூரோகாபன் லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் நுனி நூல்) ஒன்றரை முழம் போட்டு, முடிச்சை வளையமாக விட்டுக் கட்டுங்கள். சீலா ஒன்றிரண்டு அறுத்துக்கொண்டு போகும், போகட்டும். மற்றக் காரணத்துக்கு, அடுத்த தரம் மரக்கட்டை மாதிரி வரும்போது லூரைத் தூக்கிப் பாருங்கள். தலை முன்னால் வருகிறதா, வால் முன்னால் வருகிறதா?

ஓட்டோ மாமா

கம்பி இல்லாமல் சீலாவுக்கு எறிவதா? உங்களிடம் காசு கூடிப்போய்விட்டது.

நிலாவெளியான்

சீலாவுக்கு என்றால் கம்பிதான் மாமா, அதுவும் மெல்லியதாக. தம்பி பார்த்தது பாரை.

வாடைக்காற்று

சிவப்பு நிறம் எப்படிக் கையில் வந்தது என்று யோசித்தேன். இந்த லூர் பெயர் எடுத்தது அமெரிக்க நன்னீர் ஏரிகளில், பாஸ் மீனுக்கு. டெக்சாஸில் சாம் ரேபர்ன் என்ற ஏரி சிவப்பு நிற லூருக்குப் பேர்போனது. அங்கே பாஸ் தின்கிற, சிங்கி இறால் மாதிரியான நன்னீர் உயிரி ஒன்றின் நிறம் அது. அங்கே இதைத் தண்ணீருக்கடியில் நிற்கும் புல்லில் வேண்டுமென்றே மாட்டவைத்துச் சடாரென்று பிய்த்தெடுப்பார்கள், அந்தத் துள்ளலுக்கு மீன் அடிக்கும். புல் பிய்யும், கல் பிய்யுமா? நம் கரையில் சூடையும் சாளையும்தானே ஓடுகிறது. வெள்ளி வயிறு, நீலமோ பச்சையோ முதுகு, அவ்வளவும் போதும்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. தண்ணீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். முதல் எறியிலேயே அந்தக் கல்லைச் சுற்றியுள்ள எல்லாருக்கும் செய்தி போய்விடும். ஒரே கல்லுக்குப் பத்துத் தரம் எறிந்தால் அழைப்பாக இராது, தொந்தரவாக இருக்கும். நாலு எறி, அப்புறம் நடவுங்கள். சோளக (தென்மேற்குக் காற்று) காலத்தில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற காலைகளில் ஒற்றைக் குண்டு போட்ட, 'டொக் டொக்' என்று தடித்த சத்தம் வருகிறதை எடுங்கள். மகாவலித் தண்ணீர் கொட்டியாரக் குடாவில் கலங்கி வருகிற நாளில் கிலுகிலுப்பு நல்லது.

பாரைக்குட்டி திரும்பினது அநேகமாக உங்களைக் கண்டுதான். கல்லின் உச்சியில் நிமிர்ந்து நின்றீர்களா?

உப்புவெளித் தம்பி

ஆம் அண்ணா. வெள்ளைச் சேர்ட் வேறு.

ஓட்டோ மாமா

😂 கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிப் போயிருக்கிறான்.

சரி, கொளுவினதை எடுக்கும் வழி சொல்கிறேன். முதலில் இழுக்காதே. இழுக்க இழுக்க முள் உள்ளே போகும். தங்கூசியைத் தளரவிட்டு நுனியை மெல்லமாக உதறு, லூரின் சொந்தப் பாரமே அதைப் பின்னால் விழுத்தும். கழராவிட்டால், றொட்டைக் கல்லை நோக்கி நீட்டி, ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவில் தங்கூசியை விரலால் வில் நாண் மாதிரி இழுத்து 'டங்' என்று விடு. ஐந்தாறு தரம். அதற்கும் வராவிட்டால் நடந்து மறுபக்கம் போ, வந்த வழியால் பின்னுக்கு வரும்.

உயர்ந்த கல்லில் நின்றால் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று போதும். எந்தக் கராஜிலும் சும்மா தருவார்கள். அதன் நுனியில் வளைந்த இரும்பு இருக்கும்தானே, அந்த இடுக்கில் தங்கூசியை நுழைத்து மெல்ல நெருக்கி விடு. சறுக்கிப் போய் லூரின் மூக்கில் இடிக்கும். தாழ்வான கரையில் இது சறுக்காது, சும்மா முயற்சிக்காதே.

பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்காதே மருமகனே, வெட்டிவிடும். தடியில் சுற்று. முகத்தைத் திருப்பிக்கொள். கழன்ற லூர் துவக்குச் சூடு மாதிரி வரும்.

பார்க்கல்

ஒரு விடயம், இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும். நிலாவெளியில் கல் நல்லது என்று புறாமலைத் தீவுக்குத் தூண்டில் கொண்டு போகவேண்டாம். 2003இலிருந்து அது தேசிய பூங்கா, மீன்பிடிக்க அனுமதி இல்லை. வாடை தொடங்கினால் இந்தக் கரைக் கல்லிலும் ஏறாதீர்கள். பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கினால் லூர் விலையோடு போகாது.

உப்புவெளித் தம்பி

சனிக்கிழமை போய்வந்தேன். சொல்ல நிறைய இருக்கிறது.

14 கிராம், வெள்ளி நிறம், வயிற்றில் ஒற்றை முள், கம்பி இல்லை. சேர்ட் சாம்பல் நிறம். குந்திக்கொண்டுதான் எறிந்தேன். முப்பது எறிக்கு மேல் எண்ணினேன், இரண்டு தரம்தான் கொளுவியது. ஒன்று நாண் இழுத்த இரண்டாம் 'டங்'கில் கழன்றது, மற்றது மறுபக்கம் போனதும் வந்தது. ஒன்றும் போகவில்லை.

நிலாவெளி அண்ணா, அந்த மரக்கட்டை விசயம்! வால்தான் முன்னால் வந்தது. தூக்கிப் பார்த்தால் வால் முள் லீடரில் கொளுவி, லூர் மடிந்து தொங்குகிறது. லீடரில் நகத்தால் தடவினால் சொரசொரப்பு. காற்றில் பறக்கும்போது லூர் உருண்டு தன் தங்கூசியையே பிடித்துக்கொள்கிறது. விழ முன்பே ரீலைப் பூட்டினதும் நூல் விறைத்து, லூர் முகம் திரும்பி நேராக விழுந்தது. அப்புறம் ஒரு தரம்கூட அப்படி வரவில்லை. ஒரே வேலையில் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது.

மீன்? உள்ளங்கையளவு கலவாய் ஒன்று, திரும்ப விட்டேன். பிறகு கல்லில் தட்டித் தாவின அதே இடத்தில் ஒரு பாரை அடித்தது, கிலோவுக்கு மேல் இருக்கும். பத்துச் செக்கன் ஓடியது, பிறகு ஒன்றுமில்லை. லூர் வந்தது, வால் முள்ளின் மூன்று கூரில் இரண்டு ஊசி மாதிரி நிமிர்ந்திருந்தது. போன கிழமை வாங்கினது, அதற்குள் துருவும் பிடித்திருக்கிறது.

பார்க்கல்

அது நன்னீருக்குப் போட்டு வந்த மெல்லிய முள். பாரைக்கு நிற்காது. கடலுக்கென்று வருகிற தடித்த முள்ளாக மாற்றும், முள்ளை மாட்டும் ஸ்பிளிட் வளையத்தையும் சேர்த்து. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு பெட்டியில் போடும், ஒரு துருப்பிடித்த முள் மற்றதையும் கெடுக்கும். முள் தடித்தால் பாரம் கூடும், மணல் கரையில் மறுபடி இழுத்துப் பார்க்க மறக்கவேண்டாம். வளையத்தை நகத்தால் விரிக்காதீர், அதற்கென்று ஒரு குறடு இருக்கிறது.

உப்புவெளித் தம்பி

நன்றி அண்ணா. நகம் நேற்றே போய்விட்டது.