‘குறை ஏதுமில்லை’ என்று வந்த பில்

தளி ரோட்டுக்காரன்:
பெலகொண்டப்பள்ளி விமான ஓடுதளம் ஓசூர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பக்கம் வளர்ந்ததால் சின்ன வயதிலேயே எனக்கு விமானப் பைத்தியம். ஏவியானிக்ஸ் (விமானத்தின் மின்னணுக் கருவிகள்) படித்து, வெளிமாநிலத்தில் ஒரு சிறிய ஹேங்கரில், அதாவது விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகையில், சேர்ந்தேன். இது அங்கே நடந்தது.

நாலு பேர் உட்காரும் விமானம். மழை பெய்தால் ஜிபிஎஸ் விட்டு விட்டு வேலை செய்கிறது என்று பைலட் எழுதி வைத்திருந்தார். பேனலில் இருக்கும் ஜிபிஎஸ் பெட்டி மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். ஆலன் கீயை விட்டு ஒரு திருகைத் தளர்த்தினால் பெட்டி டிரேயிலிருந்து வழுக்கிக்கொண்டு கையில் வந்துவிடும், ஐந்து நிமிட வேலை. கழற்றுவது இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் வினையே.

பெட்டியை ரிப்பேருக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து ‘குறை ஏதுமில்லை’ என்ற சீட்டோடு திரும்பி வந்தது. அதற்கும் பெஞ்ச் டெஸ்ட் (பட்டறை மேசையில் வைத்துச் சோதிப்பது) கட்டணம் உண்டு. போக வர ஏர் கார்கோ, இன்சூரன்ஸ், கஸ்டம்ஸ் ஏஜென்ட் செலவு எல்லாம் தனி. மாட்டினோம். அடுத்த மழைக்கு அதே கதை.

அப்புறம்தான் கூரை மேல் இருக்கும் ஆன்டெனாவைக் கழற்றினேன். ரப்பர் சீல் வெடித்திருந்தது. கீழே கனெக்டரின் நடு ஊசியைச் சுற்றி, விளக்காத பித்தளைக் குத்துவிளக்கில் படியுமே, அந்தப் பச்சைக் களிம்பு. புது கனெக்டர், புது சீல், அரை நாள் வேலை. சாமான் விலை கார்கோ செலவில் கால் பங்குகூட இல்லை. ஓனரிடம் இதைச் சொல்லப் போனபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

பாலக்கோடு பையன்:
அண்ணா, அந்த ஆறு வாரத்தை நான் மறுபக்கம் இருந்து பார்த்தவன். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். எங்கள் பயிற்சி விமானத்தில் விஓஆர் ரிசீவர் (தரை நிலையத்தின் ரேடியோ சிக்னலை வைத்துத் திசை காட்டும் கருவி) போய், மூன்று வாரம் ஹேங்கரிலேயே நின்றது. விடுதி வாடகையும் மெஸ் காசும் மட்டும் நிற்கவில்லை. ரிப்பேர் பில் முதலாளிக்கு, தாமதத்தின் பில் எங்கப்பாவுக்கு!

ஒரு சந்தேகம். என் போனில் மேப் சும்மாவே வருகிறது. விமான ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காசு?

தளி ரோட்டுக்காரன்:
தம்பி, போன் தப்பான இடத்தைக் காட்டினாலும் தெம்பாகத்தான் காட்டும். கருவிகளை மட்டுமே நம்பி மேகத்துக்குள் இறங்கும்போது, சிக்னலை நம்ப முடியாவிட்டால் ‘என்னை நம்பாதே’ என்று பெட்டி தானே சொல்லியாக வேண்டும். நம் நாட்டின் ககன் செயற்கைக்கோள் அமைப்பு, ஜிபிஎஸ்ஸுக்கான திருத்தங்களோடு சேர்த்து இந்த எச்சரிக்கையையும் அனுப்புகிறது. அந்தத் திறனைச் சோதித்துச் சான்று வாங்கவும் காசு செலவாகிறது. ரிப்பேரும் அப்படியே. டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) ஒப்புதல் பெற்ற பட்டறை சான்றிதழில் கையெழுத்துப் போடாமல் பெட்டியை விமானத்தில் மாட்ட முடியாது. ஓசூரில் நன்றாகச் சால்டரிங் செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனாலும் பயனில்லை.

பெட்டிக்குள் இருக்கும் டேட்டாபேஸ் இன்னொரு செலவு. ஓடுதளம், அலைவரிசை, இறங்கும் பாதை பற்றிய தகவல்களில் வரும் மாற்றங்கள் உலகம் முழுக்க 28 நாளுக்கு ஒருமுறை, வியாழக்கிழமைகளில் அமலுக்கு வரும். அமாவாசைக் கணக்கு மாதிரிதான், ஆனால் இதற்குச் சந்தா. நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துப் பறப்பவர் பழசை வைத்தும் சமாளிப்பார். ஜிபிஎஸ்ஸை நம்பி இறங்குபவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

பர்கூர் வாத்தியார்:
2019 ஏப்ரலில் பழைய ஜிபிஎஸ் கருவிகளில் தேதிக் கோளாறு வந்ததே, அப்போது நீங்கள் வேலையில் இருந்தீர்களா?

தளி ரோட்டுக்காரன்:
இருந்தேன் சார். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 ஆனதும் திரும்பப் பூஜ்யத்துக்குப் போகும். நமக்கு அது ஏப்ரல் 7 விடிகாலை. அப்டேட் செய்யாத ஒரு பழைய பெட்டி 1999 ஆகஸ்ட் என்று காட்டியது. இடம் சரி, தேதி மட்டும் இருபது வருஷம் பின்னால். அதைச் சரிசெய்ய மென்பொருள், அதை ஏற்றக் கூலி, லாக் புத்தகத்தில் ஒரு பதிவு. ஓனர் அன்று என்னைப் பார்த்த பார்வை!

களிம்பேறிய அந்தக் கனெக்டர் இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்க்கட்டுமா என்று அம்மா ஒருமுறை கேட்டார்.