வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் வயிற்றுக் குழந்தை வளருமா?

செவிலியர்_மாணவி
சிசுவின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஐந்தாம் மாதவாக்கில் பெரியவர்களுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் அதைச் சுரக்கும் பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள சுரப்பி) சரியாக உருவாகாத குழந்தையும் ஏறத்தாழ இயல்பான எடையில் பிறக்கிறதாம். இது எப்படி? சிசு எடை குறைவாக இருந்தால் தாய்க்கு இந்த ஹார்மோனை ஊசியாகப் போடலாமா?

நாளமில்லாச்_சுரப்பி
ஹார்மோன் இருந்தால் போதாது, அதை வாங்கிக்கொள்ளச் செல்லில் ஏற்பி (receptor) வேண்டும். சிசுவின் கல்லீரலில் அந்த ஏற்பிகள் மிகக் குறைவு. சுரப்பை அடக்கும் கட்டுப்பாடும் அப்போது முதிர்ந்திருக்காது, அதனால்தான் அளவு ஏறிக் கிடக்கிறது. ஏற்பியே பழுதான லாரன் நோய்க்குறியில்கூடப் பிறப்பு எடை பெரிதாகக் குறைவதில்லை. குள்ளத்தன்மை பிறந்த பிறகுதான் தெரியவரும்.

கருப்பையில் வளர்ச்சியை நடத்துபவை இன்சுலின், ஐஜிஎஃப்-1, ஐஜிஎஃப்-2 (ஐஜிஎஃப் என்பது இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணி, IGF). தொடக்க மாதங்களில் ஐஜிஎஃப்-2 நஞ்சுக்கொடியையும் கருவையும் வளர்க்கிறது. பிந்தைய மாதங்களில் ஐஜிஎஃப்-1 முக்கியம். அதன் மரபணு பழுதான ஒருவரைப் பற்றி 1996-ல் வெளியான முதல் விவரிப்பில், 37 வாரத்தில் பிறந்தபோது எடை 1.4 கிலோதான்.

இன்சுலினை யாரும் வளர்ச்சி ஹார்மோன் என்று சொல்வதில்லை. சிசுவைப் பொறுத்தவரை அந்தப் பெயர் அதற்குத்தான் பொருந்தும். தாயின் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது, குளுக்கோஸ் தாண்டும். தாய்க்குச் சர்க்கரை ஏறினால் சிசுவின் கணையம் கூடுதலாகச் சுரந்து, வயிற்றிலும் தோளிலும் கொழுப்பு சேர்கிறது. பிரசவத்தில் தோள் சிக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். தொப்புள்கொடியை வெட்டியதும் குளுக்கோஸ் வரவு நின்றுவிடும், இன்சுலின் உடனே குறையாது. எனவே சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை தாழும்.

தாய் பக்கம் கதை வேறு. நஞ்சுக்கொடி தனக்கென்று ஒரு வளர்ச்சி ஹார்மோன் வைத்திருக்கிறது. 191 அமினோ அமிலங்களில் பிட்யூட்டரி வகையிலிருந்து 13 மட்டுமே வேறுபடும். பாதிக் கர்ப்பம் கடந்தால் தாயின் பிட்யூட்டரி சுரப்பு ஒடுங்கி, இது அந்த இடத்தைப் பிடிக்கிறது. விட்டுவிட்டு அல்ல, தொடர்ச்சியாகச் சுரக்கும். சிசுவுக்குள் போகாது. தாயின் உடல் இன்சுலினுக்கு மசியாமல் செய்து, கொழுப்பைக் கரைத்து, குளுக்கோஸைச் சிசுவுக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பதே இதன் வேலை. ஈடுகொடுக்கத் தாயின் கணையத்தால் முடியாவிட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை செய்வது இதனால்தான்.

ஆகவே ஊசி வேண்டாம். சிசுவை எட்டாது, தாயின் சர்க்கரையை ஏற்றும்.

ஸ்கேன்_மேசை
எடை குறைவு என்று சொல்வதற்கு முன் கர்ப்ப வாரக் கணக்கைச் சரிபாருங்கள். முதல் மூன்று மாத ஸ்கேனில் எடுத்த தலை-பிட்ட நீளம்தான் (சிசுவின் உச்சந்தலை முதல் பிட்டம் வரை) அடிப்படை. அடுத்தடுத்த வளர்ச்சி ஸ்கேன்களுக்கு இடையே குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். எடைக் கணிப்பில் 10 முதல் 15 சதவீதம் பிழை சகஜம். ஒரே வாரத்தில் மறுபடி பார்த்தால் அளப்பது வளர்ச்சியை அல்ல, பிழையைத்தான்.

எடை 10-ஆம் பெர்சன்டைலுக்குக் கீழே (அதே வாரச் சிசுக்கள் நூறில் மிகச் சிறிய பத்துக்குள்) இருந்தும் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) இயல்பாக இருந்தால், இயற்கையிலேயே சிறிய குழந்தையாக இருக்க வாய்ப்பு அதிகம். தொப்புள் தமனியில், சிசுவின் இதயம் இரு துடிப்புகளுக்கு இடையே விரியும் கட்டத்தின் முடிவில், ரத்த ஓட்டம் நின்றாலோ திரும்பினாலோ அவசரம். பழுது நஞ்சுக்கொடியில், ஹார்மோன் கொடுத்து ஓட்டத்தை மீட்க முடியாது. கண்காணித்து, உரிய நேரத்தில் பிரசவம் பார்ப்பதுதான் வழி.

இன்னொன்று: குறைமாதப் பிரசவ அபாயத்தில் போடும் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை, 12 மி.கி. வீதம் 24 மணி இடைவெளியில் இரண்டு ஊசி, வளர்ச்சி ஊசி என்று பலர் நினைக்கிறார்கள். அது நுரையீரலை முதிர வைக்கத்தான், எடை கூட்டாது.

செவிலியர்_மாணவி
நன்றி. பிட்யூட்டரிக் குறை உள்ள குழந்தை இயல்பான எடையில் பிறந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பச்சிளம்_பிரிவு
திரும்பத் திரும்பச் சர்க்கரை தாழ்வது, நீடிக்கும் மஞ்சள் காமாலை, ஆண் குழந்தையில் நீட்டி அளந்தும் 2.5 செ.மீ. எட்டாத ஆணுறுப்பு: இவை சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். சர்க்கரை தாழ்ந்திருக்கும்போதே, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன், வளர்ச்சி ஹார்மோன், கார்டிசால், இன்சுலின் மூன்றுக்கும் ரத்தம் எடுத்துவிடுங்கள், ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. முதல் வாரத்தில் வளர்ச்சி ஹார்மோன் இயல்பிலேயே உயர்ந்திருப்பதால் அப்போது எடுத்த ஒரு மாதிரிகூட உதவும். பிறகு ஒற்றை அளவீட்டுக்கு மதிப்பில்லை. கார்டிசாலும் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) தைராக்சினும் (தைராய்டு ஹார்மோன்) சேர்ந்து குறைந்திருந்தால், கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோனை முதலில் தொடங்குங்கள். தைராக்சின் முந்தினால், கார்டிசால் போதாமல் உயிருக்கு ஆபத்தான அட்ரினல் நெருக்கடி வரலாம்.