தொப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள்

பாலைவனப் போர்களில் படைவீரர்கள் போட்ட வெயில் தொப்பிகளைச் சில வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். லண்டனில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளில்தான் பெரும்பாலும் வாங்குவது.

முதலில் வாங்கியது ஜெர்மானியத் தொப்பி. இரண்டாம் உலகப் போரில், 1941 பிப்ரவரியில் லிபியாவின் திரிப்போலியில் வந்திறங்கிய ஜெர்மன் தளபதி ரோமலின் படையினருடையது போன்றது: வலப்பக்கம் கறுப்பு, வெள்ளை, சிவப்புப் பட்டைகள் போட்ட சிறு கேடயம், இடப்பக்கம் கழுகுச் சின்னம். அந்தச் சின்னங்களைப் பார்த்ததுமே காசை எண்ணிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உள்ளே இருக்கும் தோல் பட்டையை விலக்கிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. அசல் கேடயத்தின் பின்னால் மூன்று முளைகள் இருக்கும். தொப்பியின் கெட்டியான மேலோட்டைத் துளைத்து அவற்றை உள்பக்கம் மடக்கியிருப்பார்கள். இதில் வெறும் பசை. அந்த மேலோடும் கார்க் இல்லை, காகிதக் கூழ். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அப்புறம் கிடைத்ததுதான் என் பொக்கிஷம். பிரிட்டிஷ் படையினர் போட்ட வுல்ஸ்லி என்ற வகைத் தொப்பி, சின்னம் எதுவும் கிடையாது, விற்றவர் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார். இந்த முறை முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தேன். விளிம்பின் அடியில் பச்சைத் துணி. அரசுச் சொத்து என்பதற்கான அம்புக்குறி முத்திரை, பக்கத்தில் 1941. தலையைச் சுற்றி வரும் பட்டைக்கும் மேலோட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அந்த வழியாகக் காற்று ஏறி உச்சியிலுள்ள குமிழ்த் துளையில் வெளியேறும். பட்டையில் வியர்வை உப்புக் கறை இன்னும் இருக்கிறது. யாரோ ஒருவர் இதை நிஜமாகவே வெயிலில் போட்டு நடந்திருக்கிறார். மையால் எழுதிய படை எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் அழிந்துவிட்டன.

இரண்டு தரப்பிலும் வீரர்கள் போர்முனையில் இவற்றைச் சீக்கிரமே கழற்றிவிட்டு, துணித் தொப்பிக்கோ இரும்புக் கவசத்துக்கோ மாறிவிட்டார்கள். குண்டுச் சிதறலை கார்க் தடுக்காது. வண்டிக்குள் ஏறி இறங்கவும் அந்த அகல விளிம்பு இடைஞ்சல்.

உங்களுக்கு என்ன கிடைத்தது? சொல்லுங்கள்.

*

மறுமொழி:

நான் தஞ்சாவூர்க்காரன். என்னிடம் இருப்பது கார்க் இல்லை, சோலா தொப்பி. பலர் இதைச் சூரியனோடு சேர்த்து 'சோலார் தொப்பி' என்பார்கள். சோலா என்பது வடக்கே ஒரு செடியின் பெயர், நம் ஊரில் நெட்டி. பெரிய கோயில் மாதிரி செய்து விற்கிறோமே, அதே நெட்டிதான். கையில் எடுத்தால் கனமே தெரியாது, ஆனால் தண்ணீரை உறிஞ்சி ஊறிவிடும். படைக்கு கார்க்கைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். என்னுடையது ஒரு மழைக்காலத்தில் ஒழுகலில் நனைந்து ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது. நெட்டி வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். தொப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெட்டினது நல்ல கை தம்பி" என்றார். சரிசெய்ய வேண்டாம், அப்படியே வை என்றும் சொல்லிவிட்டார்.

உங்கள் தொப்பியின் அந்த எண்ணைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். அழிந்த மை சில சமயம் அப்படித் தெரியும்.